துணைக்கு வந்தவளுக்குச் சம்பளம்

முதல் தடவை நான் தனியாகத்தான் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். தாமிரபரணியில் கல்லுக்கடியில் ஒட்டிக் கிடக்கும் பூச்சிப் புழுக்கள்தான் என் பாடம். எந்த இடத்தில் எந்தப் புழு இருக்கிறது, எது இல்லாமல் போயிற்று என்று பார்த்தால் அங்கே தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்காகப் பாபநாசத்தில் தொடங்கிக் குறுக்குத்துறை வரை நாலு இடத்தில், மாதம் தவறாமல், காலையிலேயே முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்ட வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனால் அந்த வருஷமே வீண்.

அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆளில்லாத இடமாகப் பார்த்து ஆற்றில் இறங்கினேன். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்கிறேன். கரையில் ஒரு பெரியவர் குளித்து முடித்து, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுவிட்டார். ஆனால் ஆள் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதென்னடா வம்பு என்று எனக்கு எரிச்சல்.

“தாயி, வீட்ல சண்டையா?” என்றார்.

“இல்லையே.”

“பிள்ளை இருக்கா?”

“இருக்கான். ரெண்டு வயசு.”

“அப்ப அவன் மொகத்தை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாரு. பைய கரைக்கு ஏறி வா. எதுன்னாலும் பேசிக்கிடலாம்.”

அட கடவுளே! நான் சாக வந்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார் மனுஷர். இல்லை பெரியவரே, ஆராய்ச்சி என்று தட்டைத் தூக்கி அதில் நெளிந்த புழுவைக் காட்டினேன். அவர் புழுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாக வந்தவள் இல்லை, கோட்டி பிடித்தவள் என்று தோன்றியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்து, கண்டக்டரிடம் “இந்தப் பிள்ளையை இறங்குத எடத்துல பத்திரமா விட்டுரும்” என்று சொல்லி ஏற்றிவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷர்தான். அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

அந்தக் கண்டக்டர் பேட்டைக்காரர். எங்கள் வீடும் பேட்டை. அப்புறம் கேட்பானேன். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதினார். அவர் சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் பட்டறைக்கே போயிருந்தது. என்னைப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. படித்தவர்கள் வீடு, அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். தனியாகப் போகாதே என்றுதான் சொன்னார்கள்.

என்னோடு பதிவு செய்த பையன் ஒருவன் இருந்தான். மலையடிவாரத்தில் தவளைகளைப் பற்றி அவனுக்கு ஆராய்ச்சி. ஒரு துண்டையும் வலையையும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்புவான், ஏதாவது கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடப்பான், மூன்றாம் நாள் வந்து நிற்பான். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் அவனை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். என்னை ஏற்றிக்கொண்டு போக முடியுமா? பாவம், அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களே. எனக்கு வயிறு எரியும். அவனுக்கு ஆராய்ச்சி செய்ய ஒரு ஆள் போதும், எனக்கு ரெண்டு ஆள் வேண்டும்.

அந்த ரெண்டாவது ஆளாக வந்தவள் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமான நாலாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னமோ பெரிய பாசம் காட்டினாள் என்று நினைக்க வேண்டாம். “பூச்சி பெறக்கவா எம்.எஸ்சி. படிச்ச?” என்று முகத்துக்கு நேரே கேட்பவள். பாட்டிலில் கிடக்கும் தட்டான் புழுவைக் காட்டினால், “சீ, அங்கன வை சவத்தெ” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசிவரை அவளுக்கு ஒரு புழுவின் மேலும் மரியாதை வந்ததில்லை. ஆனாலும் வந்தாள்.

பீடிச் சுளவோடு, இலையும் தூளும் வைத்த முறத்தோடு வந்தாள், அதுதான் விஷயம். கடையில் தினமும் இத்தனை பீடி கொடுத்தாக வேண்டும் என்று கணக்கு. குறைந்தால் முகம் சுளிப்பார்கள், அடிக்கடி குறைந்தால் பீடித் தொழிலாளி என்று கொடுத்த கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் கார்டுதான் அவளுக்கு எல்லாம். தம்பி வீட்டில் இருந்தாலும் தம்பி சோறு தின்கவில்லை என்று அவள் தலை நிமிர்ந்து நடந்தது அதை வைத்துத்தான். அதனால் நான் ஆற்றுக்குள் நிற்க, அவள் படியில் உட்கார்ந்து மடியில் சுளவை வைத்துக்கொண்டு இலையை வெட்டுவாள், தூளை வைத்துச் சுற்றுவாள், நூலைக் கட்டுவாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை, குனிந்து ஒரு பீடி.

ஆற்றங்கரைக் காற்று பீடிக்கு ஆகாது. நனைத்து வைத்த இலை காய்ந்து வெடிக்கும், தூள் பறக்கும். ஆனி ஆடியில் மேல்காற்று அடித்த ஒரு காலையில் சுளவே கவிழ்ந்துவிட்டது. தூள் அத்தனையும் ஆற்றோடு போயிற்று. நான் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து இலையைப் பொறுக்கினேன். மறுநாள் கடையில் பாதிப் பீடியைச் சரியில்லை என்று ஒதுக்கி, அவள் கண் முன்னாலேயே ஒடித்துப் போட்டார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னாள்.

“ஏளா, இனி என்னைக் கூப்பிடாத. ஒன் படிப்பு ஒனக்கு, என் பொழப்பு எனக்கு.”

அவள் சொன்னதில் என்ன தப்பு? எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் வராவிட்டால் நான் போக முடியாது, நான் போகாவிட்டால் ஆராய்ச்சி இல்லை. ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அடுத்த மாதத்துக்கு மட்டும் என்று அவளை ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். பெண்கள் ஆராய்ச்சிக்கு வராமல் போவது ஏன், வந்தவர்கள் பாதியில் நிற்பது ஏன் என்று கண்டுபிடித்து அதற்கு நிதி கொடுக்கப் புதிதாக ஒரு திட்டம் வருகிறதாம். டெல்லியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். தமிழ்க்காரர்தான், நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். கூடவே குழு உறுப்பினர் என்று மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர், முழுக்கைச் சட்டையில் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு. என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருத்தி ஹாஸ்டல் என்றாள். ஒருத்தி நூலகம் சீக்கிரம் பூட்டிவிடுகிறார்கள் என்றாள். என் முறை வந்தபோது எங்கள் துறைத் தலைவர் முந்திக்கொண்டு, “இந்தப் பொண்ணுக்கு மைக்ராஸ்கோப் ஒண்ணு தேவைப்படுது” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! எழுந்து, “மைக்ராஸ்கோப் இருக்குத வச்சுப் பாத்துக்கிடுவேன். எனக்கு எங்க மதினி வேணும்” என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். காது வரை சூடாகிவிட்டது எனக்கு. ஆனால் உட்காரவில்லை. பெரியவர் கதை, பீடிச் சுளவு, காற்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். மெட்ராஸ் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஏம்மா, விஞ்ஞானத்துக்கு நிதி ஒதுக்கலாம்னு வந்தா, நீங்க வீட்டு ஆளுக்குச் சம்பளம் கேக்கறீங்களே.”

“சார், நீங்க ஆராய்ச்சிக்கு வெளியூர் போனப்ப ஒங்க வீட்ல பிள்ளைகளைப் பாத்துக்கிட்டது யாரு? ஒங்க வீட்டம்மாவும் ஒங்க ஆராய்ச்சிக்கு வேலை செஞ்சவங்கதானே. ஒங்களுக்கு அது சும்மா கெடைச்சுது. எங்களுக்குச் சும்மா கெடைக்கல.”

துறைத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பதிவே ரத்தாகிவிடும் என்று பட்டது. டெல்லி அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா இருமினாரா தெரியாது. அப்புறம் பேனாவைத் திறந்து, “பீடிக் கடையில ஒரு நாளைக்கு அவங்களுக்கு என்ன கூலி வரும்?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மதினியைக் கெஞ்சியே ஓட்டினேன், மூன்று மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. பாட்டிலுக்கு, மருந்துக்கு, பஸ்ஸுக்கு என்று இருந்த வரிசையில் ‘களப்பணித் துணையாள்’ என்று புதிதாக ஒரு செலவினம். ஒரு வருஷத்துக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நேரில் வந்து பார்த்து, மீதி வருஷங்களுக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். ஆளைக் கல்லூரியே நியமிக்க வேண்டும். நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். மதினி மட்டும், “வரட்டும் பாப்போம்” என்றாள்.

வந்தது யார் தெரியுமா? ரிட்டயர்டு ஏட்டையா ஒருத்தர்.

எங்கள் ஆபீஸ் சூப்பரண்டு அண்ணாச்சி தங்கமான மனுஷர். பெண்பிள்ளை ஆற்றங்கரையில் தனியாக நிற்கிறாளே, துணைக்கு ஆள் என்றால் நாலு பேர் கிட்ட வரப் பயப்படுகிற ஆளாக இருக்க வேண்டும் என்று ரொம்ப யோசித்து, தனக்குத் தெரிந்த ஏட்டையாவைப் பிடித்துப் போட்டிருக்கிறார். ஆறடி உயரம், காது வரை மீசை, காக்கி பேண்ட்டை இன்னும் விடவில்லை, கையில் கம்பு வேறு. “எம்மா, இனி ஒரு பய ஒன் பக்கத்துல வர மாட்டான்” என்று அண்ணாச்சி பெருமையாகச் சிரித்தார். நான் என்னத்தைச் சொல்ல?

ஏட்டையாவோடு என்னைத் தனியாக அனுப்ப வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? அதனால் துணைக்கு வந்த ஏட்டையாவுக்கும் எனக்கும் சேர்த்துத் துணையாக மறுபடியும் மதினியே வந்தாள், சுளவோடு. சேரன்மகாதேவியில் மூன்று பேரும் இறங்கினோம். பெண்கள் குளிக்கிற படித்துறை. ஏட்டையா கம்பை ஊன்றி மேல்படியில் நிற்கிறார். நான் தண்ணீரில் குனிந்து தேடுகிறேன். கொஞ்ச நேரத்தில் கரையெல்லாம் கூட்டம். துணி துவைத்தவர்கள், மாடு குளிப்பாட்டியவர்கள், பாலத்தில் சைக்கிளில் போனவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள்.

“என்னவே, எவளும் விழுந்துட்டாளா?” என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தி, “பாவம், அந்தத் தேடுத பொம்பளைக்கு என்ன வேணுமோ” என்று மூக்கைச் சிந்தினாள். போலீஸ் வந்து பிணம் தேடுகிறது என்று ஊரே நினைத்துக்கொண்டது. அதற்குள் ஈரத்துணியோடு நின்ற ஒரு ஆச்சி ஏட்டையாவைப் பார்த்து, “பொம்பளைக குளிக்குத எடத்துல ஒமக்கென்னவே சோலி? அங்கிட்டுப் போவும்” என்று ஒரு போடு போட்டாள். திருடனையெல்லாம் பிடித்த மனுஷர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மதினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்தவுடன் முகம் மாறியது.

“ஏளா, இதான் கடைசி. சம்பளம் அவருக்கு, வெயில் எனக்கா? அடுத்த மாசம் ஒரு பீடி கொறைஞ்சாக்கூட கார்டைப் பிடுங்கிருவேன்னு கடைக்காரரு சொல்லியாச்சு.”

மறுநாள் சூப்பரண்டு அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். “அண்ணாச்சி, நீங்க போட்ட துணைக்கு ஒரு துணை போட்டுத் தாங்க.”

விவரம் கேட்டு அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மதினியைப் போடலாம் என்றால் விதி இடிக்கிறதே என்றார். சொந்தக்காரர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. நிதியைக் குடும்பத்துக்குள்ளேயே சுருட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதிதான்.

“அண்ணாச்சி, ஒங்க மகளை ஒரு நாள் முழுக்க ஆத்தங்கரைக்கு அனுப்பணும். யாரு கூட அனுப்புவீங்க?”

“அவ சித்தி கூட” என்றார் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. விதி வேண்டாம் என்கிற ஆளைத்தான் வீடு வேண்டும் என்கிறது. அன்றைக்கே டெல்லிக்கு எழுதினார். அவர் எழுதியது போதாதென்று நான் ஜங்ஷன் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்று அந்த அம்மாவிடம் போனில் கத்தினேன். ஏட்டையாவும் தானாகவே வந்து, “பூச்சிக்குக் காவல் காத்தது போதும்வே, நம்மளை விட்டுரும்” என்று கும்பிடு போட்டார். அடுத்த முறை ஆற்றுக்குப் போக வேண்டிய வாரத்தில் பதில் வந்தது. இந்த ஒரு செலவினத்துக்கு மட்டும் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம்.

மதினி சுளவில்லாமல் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆற்று நாட்களுக்குக் கடையில் முன்கூட்டியே சொல்லி விடுப்பு வாங்கியிருந்தாள். கல்லூரிச் சம்பளம் அந்தக் கூலியை ஈடுகட்டியது. படியில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவளுக்கு. மடியில் வைத்தாள், எடுத்தாள், சேலை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து பகலில் அந்தக் கை சும்மா இருந்ததில்லை. பிறகு மருத மர நிழலில் கல்லில் சாய்ந்தாள். நான் ரெண்டு பாட்டிலை நிரப்பிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், தூங்கிவிட்டாள்.

வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோருக்கும் பின்னால் படுப்பவள். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். அவள் தூங்குவாள், நான் சத்தம் போடாமல் கல்லைப் புரட்டுவேன். ஒருத்தி கரையில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், படுத்திருந்தாலும் சரி, ஊர் என்னை விட்டுவிட்டது. வருகிறவர்கள், “என்ன பிள்ளை, அயிரை பிடிக்கியா?” என்று கேட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போனார்கள்.

வருஷம் முடிகிற நேரத்தில் பார்வையிட வந்தார்கள். எந்த நாள் என்று சரியாகச் சொல்லவில்லை. நான் அம்பாசமுத்திரத்தில் தண்ணீருக்குள் நிற்கிறேன், கரையில் ஜீப் வந்து நிற்கிறது. டெல்லி அம்மா இறங்கினார். பின்னாலேயே அந்த முழுக்கைச் சட்டைப் பேராசிரியர். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் மதினி வாயைத் திறந்துகொண்டு, கால் நீட்டிக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மீதி ஆராய்ச்சிக்கு நிதி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வந்தவர்கள், நிதி யாருக்காகக் கொடுத்தார்களோ அவள் தூங்குவதையே பார்த்துவிட்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பேராசிரியர் மதினியைக் காட்டி, “இவங்கதானா அந்தத் துணையாள்?” என்றார்.

“ஆமா சார்.”

“தூங்கறாங்க.”

“ஆமா சார். அவ இங்கன தூங்குதா, அதனாலதான் நான் அங்கன நிக்கேன்.” பயத்திலும் என் வாய் அடங்கவில்லை. தட்டையும் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வரிசையாக வைத்தேன். “ஒரு மாசம் விட்டுப்போகல. வந்து எண்ணிப் பாருங்க. இதுக்கு முன்னால இந்த ஆத்துல ஒரு பொம்பளை வருஷம் முழுக்க நின்னு பெறக்கியிருக்காளான்னு கேட்டுப் பாருங்க. இவளை எழுப்பி ஏதாவது வேலை செய்யச் சொல்லணும்னா சொல்லுங்க, எழுப்புதேன். ஆனா என்ன வேலை சொல்லுவீங்க?”

டெல்லி அம்மா உதட்டில் விரலை வைத்து, பைய பேசு என்று சைகை காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு மதினிக்குக் கொஞ்சம் தள்ளிப் படியில் உட்கார்ந்தார். பேராசிரியர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, “மீதி ரெண்டு வருஷத்துக்கும் சிபாரிசு பண்றேன்மா. துணையாளும் சேர்த்து” என்றார். எனக்கு உடனே நம்ப முடியவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் கேட்டார். “மேடம், இந்தத் திட்டத்துல வயசு வரம்பு என்ன வச்சிருக்கோம்?”

“முப்பத்தஞ்சு, சார். நான் நாப்பதுன்னேன். நீங்கதான் அதுக்கு மேல வேண்டாம்னு பிடிவாதமா சொன்னீங்க.”

“ஆமா, சொன்னேன்” என்றார். மதினி தூக்கத்தில் புரண்டாள். அவள் விழித்துவிடக் கூடாதென்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதைத் தளர்த்த முடியுமா? என் மகள் கடல் பாசியில ஆராய்ச்சி பண்ணணும்னு கேட்டா. கடலுக்கு உன் கூட யார் வருவான்னு கேட்டு நான்தான் நிறுத்தினேன். இப்ப அவளுக்கு முப்பத்தாறு.”

அந்த அம்மா பைக்குள் பேனாவைத் தேடினார். கூட்டத்தில் என்னை மட்டம் தட்டிய அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்தேன். அதில் ஒன்றைக்கூட என்னால் கேட்க முடியவில்லை.